காலையில் வலது கை மட்டும் துள்ளுகிறது: இது ஒரு பக்க வலிப்பா, பொது வலிப்பா?

சிற்றுண்டிச்சாலை அம்மா

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். நான் தமிழ்ப்பள்ளி ஒன்றில் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறேன். மகளுக்கு 16 வயது, படிவம் 5. இந்த ஆண்டு எஸ்.பி.எம்., பள்ளி இறுதித் தேர்வு.

ஓராண்டாகவே காலையில் தலை வாரும்போது சீப்பு அவள் கையிலிருந்து தெறித்து விழும். நழுவி விழுவதில்லை, வீசியெறிந்தது போலப் போய்ச் சுவரில் படும். தூக்கம் தெளியவில்லை, இரவெல்லாம் கைப்பேசி பார்த்தாய் என்று நானே திட்டியிருக்கிறேன். ஒருநாள் மைலோக் கோப்பையைத் தட்டிவிட்டாள் என்று முதுகில் அடித்தும் விட்டேன். அதை நினைத்தால் இப்போது சோறு இறங்கவில்லை.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போனோம். இரவு முழுக்க யாரும் கண் மூடவில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு வீடு திரும்பி, ஒரு மணி நேரம்தான் படுத்திருப்பாள். எழுந்து குளியலறை வாசலில் நின்றபோது வலது கை இரண்டு மூன்று தடவை துள்ளியது. யாரோ கூப்பிட்டது போலத் தலை மெல்ல வலப்பக்கம் திரும்பியது. அப்படியே விழுந்தாள். பிறகு கை கால் இரண்டு பக்கமும் வெட்டியது. இரண்டு நிமிடம் இருக்கும்.

தனியார் மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். இ.இ.ஜி., அதாவது மூளை அலைப் பதிவு, எடுத்தார்கள். அறிக்கையில், இடது முன்பக்க மூளையில் கூரலைகள் தெரிகின்றன, இரு பக்கமும் பரவிய அலைகளும் உண்டு என்று எழுதியிருக்கிறது. வலது கை துள்ளுவதும் தலை வலப்பக்கம் திரும்புவதும் இடது மூளையின் வேலை, ஆகவே இது ஒரு பக்க வலிப்பு என்று சொல்லி கார்பமாசெபின் கொடுத்தார். மூன்று வாரம் ஆகிறது. துள்ளல் கூடிவிட்டது. முன்பு காலையில் மட்டும் இருந்தது இப்போது மத்தியானமும் வருகிறது. மருந்து பிடிக்கும்வரை பொறுங்கள் என்கிறார்கள். பொறுக்கலாமா? நிறுத்திவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேராக் மாமா

தங்கச்சி, பயப்பட வேண்டாம். எங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்தில் இதைக் காக்காய் வலிப்பு என்போம். விழுந்தவுடன் கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தால் நின்றுவிடும். லயத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதற்கென்றே ஒரு பழைய சாவி தொங்கும். முனீஸ்வரன் கோயிலில் ஒரு கயிறும் கட்டிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி

அண்ணே, கோயில் கயிறு கட்டட்டும், மனத்துக்குத் தெம்பு. ஆனால் சாவி வேண்டாம். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும். சாவி தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் நின்றுவிடுவதால்தான் சாவி நிறுத்தியது என்ற நம்பிக்கை வந்தது. வெட்டுகிற கையில் இரும்பைத் திணித்து விரல் முறிந்த பிள்ளைக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் வைக்க வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 999ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

அம்மா, மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டால் பெரிய வலிப்பு தொடர்ந்து வரக்கூடும். ஆனால் பொறுத்துக்கொண்டும் இருக்க வேண்டாம். நாளைக் காலையே கூப்பிட்டு, மருந்து தொடங்கிய பிறகு துள்ளல் கூடியிருக்கிறது என்று அழுத்திச் சொல்லுங்கள். உடம்பில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் ஏதாவது வந்ததா? அந்த மருந்து சிலருக்குத் தோலை உரித்துவிடும் கடுமையான ஒவ்வாமையைக் கொடுக்கும். அந்த ஆபத்தோடு தொடர்புடைய ஒரு மரபணு நம் நாட்டில் பலரிடம் இருக்கிறது, அதற்கு முன்கூட்டியே இரத்தப் பரிசோதனையும் உண்டு. செய்தார்களா?

இன்னும் சில கேள்விகள். துள்ளும்போது அவளுக்கு நினைவு இருக்கிறதா? இடது கை ஒருபோதும் துள்ளியதே இல்லையா? படிக்கும்போது ஓரிரு நொடி வெறித்துப் பார்க்கிறாளா? குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா?

செம்பனை நிழல்

நான் வேறு மாதிரி பார்க்கிறேன். என் தம்பிக்கு இடது கைதான் இழுக்கும். தோட்டத்துக் கிளினிக்கில் எல்லாம் ஒரே வலிப்புதான் என்று பல வருடம் ஒரே மாத்திரையைக் கொடுத்தார்கள். கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது மூளையின் வலப்பக்கத்தில் பிறவியிலேயே ஒரு வடு இருந்தது தெரிந்தது. பக்கம் என்பது பெரிய தடயம். அந்த மருத்துவர் பக்கத்தைக் கவனித்தது தப்பு என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். என் தம்பிக்கு ஒருவர் கவனித்திருந்தால் பத்து வருடம் மிச்சமாகியிருக்கும்.

சிற்றுண்டிச்சாலை அம்மா

தாதி அம்மா, தடிப்பு எதுவும் இல்லை. இரத்தப் பரிசோதனை செய்யவில்லை. துள்ளும்போது நினைவு இருக்கிறது. ‘கை தானாகப் போகுதும்மா’ என்று சொல்வாள். வெறித்துப் பார்ப்பதை நான் கவனித்ததில்லை. அவள் அப்பாவின் தங்கைக்குச் சின்ன வயதில் வலிப்பு இருந்ததாம், இவ்வளவு நாளாக யாரும் வாய் திறக்கவில்லை. திருமணப் பேச்சு நடந்த காலத்தில் மறைத்திருக்கிறார்கள்.

இடது கையைப் பற்றிக் கேட்டீர்கள். மகளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘இடது கையில ஒண்ணும் பிடிக்கிறதில்லையே, விழுந்தாதானே தெரியும்’ என்றாள்.

இ.இ.ஜி. அறை

அம்மா, உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வரிக்காகவே எழுத வந்தேன். நான் மருத்துவர் இல்லை. மூளை அலைகளைப் பதிவு செய்யும் அறையில் வேலை செய்கிறேன். நோய் இன்னது என்று நான் முடிவு சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதை மூளை நரம்பியல் நிபுணர் ஒருவர் படித்தால் முதலில் நினைக்கப்போவது இளம்பருவத் தசைத்துள்ளல் வலிப்பைத்தான். பெரும்பாலும் 12 வயதிலிருந்து 18 வயதுக்குள் தொடங்கும். தூங்கி எழுந்த முதல் அரைமணி, ஒரு மணி நேரத்தில் தோளும் கையும் மின்சாரம் பட்டது போல் துள்ளும். நினைவு தப்பாது. தூக்கம் கெட்ட மறுநாள் காலையில் பெரிய வலிப்பு வரும், அதற்கு முன்பு துள்ளல் கொத்தாக வரும். உங்கள் தைப்பூச விடியல் அப்படியே இருக்கிறது.

இதை மூளையின் இரு பக்கத்தையும் இழுக்கும் பொது வலிப்பு வகையில் சேர்த்திருப்பதால், எல்லாமே இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. நடப்பில் அப்படி இல்லை. ஒரு கைதான் துள்ளுகிறது என்று சொல்லி வருகிறவர்கள் நிறைய. வீடியோவோடு சேர்த்துப் பதிவு செய்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பலருக்கு மறு கையும் லேசாக அசைந்திருக்கும். பழக்கமான கையில் சீப்பு, பல்தூரிகை, கோப்பை ஏதாவது இருக்கும், விழுந்து சத்தம் போடும். சும்மா தொங்குகிற கை துள்ளினால் யார் கணக்கு வைக்கிறார்கள்? சிலருக்கு உண்மையாகவே ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் மெலிதாகவும் இருக்கும், அதுவும் இந்த வலிப்புக்குள் அடங்கியதுதான்.

தலை திரும்புவதும் அப்படியே. பெரிய வலிப்பின் தொடக்கத்தில் தலை ஒரு பக்கம் திரும்பலாம். ஒரு கை நீண்டும் மறு கை மடங்கியும் இருக்கலாம். சிலர் நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விழுவார்கள். இவற்றைப் பார்த்தவுடன் ஒரு பக்க வலிப்பு என்று முத்திரை குத்திவிட முடியாது.

இனி அலைகள். தலையில் பொதுவாக 21 இடங்களில் மின்முனை ஒட்டுவோம். சிவப்புப் பென்சிலால் அளந்து குறிக்கும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒட்டுவேன். இந்த வலிப்பில் எதிர்பார்க்கிற வடிவம், நொடிக்கு 4 முதல் 6 தடவை வருகிற கூரலைக் கொத்து. ஊசிகளைச் சேர்த்துக் கட்டியது போலச் சில கூர்முனைகள், பின்னால் ஒரு பெரிய மெல்லலை. இரு பக்கமும் ஒன்றாக எழும், முன்பக்கத்தில் உயரம் அதிகம். ஆனால் அரைத்தூக்கத்தில் அது உடைந்து, ஒரு பக்கத்தில் மட்டும் துண்டாக எட்டிப் பார்க்கும். அந்தத் துண்டை மட்டும் பார்த்தால் இடது முன்பக்கம் என்று எழுதத் தோன்றும். அந்த அறிக்கையிலேயே இரு பக்கமும் பரவிய அலைகள் உண்டு என்று இருக்கிறதே, அதை ஏன் யாரும் எடுத்துப் பேசவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

செம்பனை நிழல் ஐயா சொன்னது உண்மையிலேயே முக்கியம். துண்டு அலை இந்தப் பதிவில் இடது, அடுத்த பதிவில் வலது என்று இடம் மாறினால் அது பொது வலிப்பின் சாயல். எத்தனை முறை எடுத்தாலும் அதே இடத்தில் நின்றால், அங்கே அலை மந்தமாகவும் இருந்தால், அங்கே வடுவோ கட்டியோ இருக்கிறதா என்று தேடியாக வேண்டும். உங்கள் தம்பிக்கு எந்த நேரத்தில் இழுக்கும்?

செம்பனை நிழல்

நேரம் காலம் கிடையாது. மத்தியானம், இரவு, எப்போது வேண்டுமானாலும். அதற்கு முன் வயிற்றிலிருந்து ஏதோ ஏறுவது போல இருக்கும் என்பான். பிறகு சில நிமிடம் நினைவிருக்காது. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு வித்தியாசம் தெரிகிறது. இந்தப் பிள்ளைக்கு விடிந்ததும் வருகிறது, நினைவும் இருக்கிறது. ஆனாலும் எம்.ஆர்.ஐ. ஒன்று எடுத்துவிடச் சொல்லுங்கள் அம்மா. மனம் ஒப்பவில்லை.

இ.இ.ஜி. அறை

ஒரு பக்கச் சாயல் இருந்தால் பல நிபுணர்கள் எடுக்கச் சொல்வார்கள்தான். கேட்பதில் தப்பே இல்லை.

படிவம் ஆறு மாணவன்

எனக்கு ஒன்று புரியவில்லை. பொது வலிப்பு என்றால் மூளை முழுவதும் ஒரே நேரத்தில் தொடங்குவது என்றுதானே படித்தேன்? ஒரு பக்கம் முந்தினால் அது எப்படிப் பொது ஆகும்?

இ.இ.ஜி. அறை

தம்பி, நீங்கள் படித்தது பழைய விளக்கம். ஜெர்மனியில் டீட்டர் யான்ஸும் அவருடைய சக மருத்துவரும் இந்த நோயை விரிவாக எழுதியது 1957இல். வலிப்பு நோய்க்கான உலக மருத்துவ அமைப்பின் 1989 பட்டியலில் இது தனிப் பெயரோடு இடம்பெற்றது. 2010இல் பொது வலிப்பின் விளக்கத்தையே திருத்தி எழுதினார்கள்: மூளையின் இரு பக்கமும் பரவிக் கிடக்கும் வலைப்பின்னலுக்குள் ஏதோ ஓரிடத்தில் பிறந்து, மிக விரைவாக அந்த வலைப்பின்னல் முழுவதையும் இழுத்துக்கொள்வதே பொது வலிப்பு. மூளை முழுவதும் என்று அதில் கட்டாயம் இல்லை, சமச்சீராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. இளம்பருவத் துள்ளலில் அந்த வலைப்பின்னல் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளையையும் நடுவில் இருக்கிற தலாமஸையும் இணைப்பது.

நம் ஊர்த் திருவிழாவில் உறுமி மேளம் கேட்டிருப்பீர்கள். பத்துப் பேர் அடிக்கிறார்கள். இடது ஓரத்தில் நிற்பவர் அரை அடி முந்திவிட்டார், கையும் கொஞ்சம் பலம். அதற்காக அவர் ஒருவர் மட்டுமே வாசித்தார் என்று சொல்வோமா? நாளை வேறொருவர் முந்துவார். தாளம் குழுவினுடையது.

படிவம் ஆறு மாணவன்

புரிந்தது ஐயா. நன்றி.

வெள்ளைக் கரண்டி

நான் இந்த நோயோடு 18 வருடமாக வாழ்கிறேன். வயது 34. கோலகங்சார் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன், இப்போது தொழிற்சாலை வேலை. யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன், அந்தப் பிள்ளைக்குப் பயன்படட்டும்.

அப்பா காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, போவார். அவரோடு எழுந்து பசியாறுவேன். கரண்டி பறக்கும். நான் இடக்கைக்காரன், எனக்கு இடது கைதான் துள்ளுகிறது என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். இடது கையால் சாப்பிட்டால் இப்படித்தான் என்று பாட்டி சொல்லும். அடி வாங்கி வலது கைக்குக் கரண்டியை மாற்றினேன். சில நாளில் வலது கையிலிருந்தும் பறந்தது! அப்போதே யாராவது அதை மருத்துவரிடம் சொல்லியிருந்தால் எனக்கும் கார்பமாசெபின் கிடைத்திருக்காது. எனக்கும் அதே கதைதான் அம்மா. துள்ளல் கூடியது. அந்த மருந்து ஒரு பக்க வலிப்புக்கு நல்ல மருந்து, ஆனால் இந்த வகைத் துள்ளலைத் தூண்டிவிடக்கூடியது. ஃபெனிட்டோயின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் அப்படித்தான் என்று பிறகு என் மருத்துவர் சொன்னார்.

மருந்து மாற்றிய பிறகு ஐந்து வருடம் ஒன்றுமே இல்லை. குணமாகிவிட்டது என்று நானாக விட்டேன். அக்கா திருமணத்துக்கு இரண்டு இரவு பந்தல் வேலை, தூக்கமில்லை. முகூர்த்தத்துக்கு முன்பு மணவறை ஓரத்தில் விழுந்தேன். இந்த வகை வலிப்பு, மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும், மருந்தை விட்டால் பலருக்குத் திரும்பி வரும். யாரும் எனக்கு முன்கூட்டி இதைச் சொல்லவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

அம்மா, ஒரு வேலை செய்யுங்கள். நாளைக் காலை அவள் எழுந்ததும் கட்டிலில் உட்கார வைத்து, இரண்டு கையிலும் ஒன்றும் கொடுக்காமல் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். கைப்பேசியில் படம் பிடியுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி

அருமையான யோசனை தம்பி. அதோடு படம் பிடிக்கும்போது பக்கத்திலேயே இருங்கள் அம்மா, தனியாக நிற்க விட வேண்டாம். வேண்டுமென்றே தூக்கத்தைக் கெடுத்துப் படம் பிடிக்கவும் வேண்டாம்.

சிற்றுண்டிச்சாலை அம்மா

நேற்றுக் காலை எடுத்தேன். நான்கு நிமிடப் படம். முதலில் பார்த்தபோது வலது கைதான். மகன் அதை மெதுவாக ஓட்டிக் காட்டினான். வலது கை எகிறுகிற அதே நொடியில் இடது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் துடிக்கின்றன. ஆறு துள்ளலில் நான்கில் அப்படி. ஒன்றில் இடது தோள் தெளிவாகத் தூக்குகிறது. ஒரு வருடமாக எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், என் கண்ணில் படவில்லை.

அந்த மருத்துவரைக் கூப்பிட்டேன். வரச் சொன்னார், ஆனால் படத்தைப் பார்க்க நேரமில்லை என்றுவிட்டார். அரசு சுகாதார மையமான கிளினிக் கெசிஹாத்தானில் காட்டினோம். அங்கிருந்த இளம் மருத்துவர் படம் முழுவதையும் பார்த்துவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார். போய் வந்து எழுதுகிறேன்.

சிற்றுண்டிச்சாலை அம்மா

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பள்ளியில் வேலை.

நிபுணர் முதலில் கேட்ட கேள்வியே, ‘காலையில் கையிலிருந்து பொருள் விழுமா?’ என்பதுதான். படத்தைப் பார்த்தார், பழைய அறிக்கையைப் பார்த்தார், மறுபடியும் இ.இ.ஜி. எடுத்தார். முதல் நாள் இரவு குறைவாகத் தூங்கச் சொல்லி, மருத்துவமனையிலேயே தூங்க வைத்து எழுப்பி எடுத்தார்கள். மின்னும் விளக்கையும் காட்டினார்கள், அதற்கும் அலை எழுந்தது. இ.இ.ஜி. அறை ஐயா, நீங்கள் சொன்ன கொத்து இரு பக்கமும் வந்தது. தூக்கத்தில் வந்த துண்டு இந்த முறை வலது முன்பக்கம்! பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் விரலால் காட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் இல்லை. செம்பனை நிழல் தம்பி, உங்களுக்காகவும் கேட்டு எடுத்தேன்.

நீங்கள் சொன்ன இளம்பருவத் துள்ளல் வலிப்புதான். கார்பமாசெபினைப் படிப்படியாகக் குறைத்து, லெவெடிராசிட்டம் தொடங்கியிருக்கிறார். நிபுணர் பிரிவில் கட்டணம் ஐந்து ரிங்கிட். அதற்கு முன்பு செலவழித்ததை நான் எழுதவில்லை.

வெள்ளைக் கரண்டி

மிக்க மகிழ்ச்சி அம்மா. எனக்கு வால்புரோயேட்தான் கைகொடுத்தது. ஏன் அதைக் கொடுக்கவில்லை என்று கேட்டீர்களா?

ஓய்வுபெற்ற தாதி

தம்பி, அவள் பெண் பிள்ளை, அதனால்தான். துள்ளலுக்கு வால்புரோயேட் மிகப் பலமான மருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் கருவுற்றிருக்கும்போது தாய் அதைச் சாப்பிட்டால் பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று உடற்குறையோடு பிறக்கலாம். பத்தில் மூன்று நான்கு பிள்ளைகளுக்கு அறிவு வளர்ச்சியில், பேச்சில், கற்றலில் பிரச்சினை வரலாம். அதனால் வேறு வழி இருக்கும்போது பெண்களுக்கு அதைத் தவிர்க்கிறார்கள். இதைப் படிக்கிற பெண்கள் யாராவது அந்த மருந்தில் இருந்தால் பயந்து இன்றே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் போய்ப் பேசுங்கள்.

அம்மா, லெவெடிராசிட்டத்தில் சிலருக்குக் கோபம், எரிச்சல், மனச்சோர்வு வரும். அவள் குணம் மாறினால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள், உடனே சொல்லுங்கள்.

சிற்றுண்டிச்சாலை அம்மா

முதல் இரண்டு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். இப்போது பரவாயில்லை. கவனித்துக்கொண்டே இருக்கிறேன்.

துள்ளல் கடந்த பதினொரு நாளாக இல்லை. திட்ட மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். மைலோவுக்கு அடித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். ‘அது அப்பவே மறந்துபோச்சும்மா’ என்றாள். மறந்திருக்க மாட்டாள்.

ஒரு கேள்வி மிச்சம். எஸ்.பி.எம். தேர்வு காலையில் நடக்கும். ஆறு மணிக்கு எழுந்து, ஏழரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டும். எழுதும்போது கை துள்ளினால்?

இ.இ.ஜி. அறை

நியாயமான கவலை. சிலருக்குக் கையால் செய்கிற நுணுக்கமான வேலையே, எழுதுவதும் வரைவதும் கணக்குப் போடுவதும், துள்ளலைத் தூண்டும். பதிவறையில் எழுதச் சொல்லிப் பார்ப்பதுண்டு. அடுத்த சந்திப்பில் இதை நிபுணரிடம் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

வெள்ளைக் கரண்டி

நான் தேர்வுக்கு இரவு கண்விழித்துப் படித்தேன், அந்தத் தப்பை அவள் செய்ய வேண்டாம். பத்து மணிக்குப் படுக்கட்டும். எழுந்து குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே வீட்டை விட்டுக் கிளம்பட்டும். மாத்திரை ஒரு வேளையும் தவறக்கூடாது. காலையில் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து அனுப்பாதீர்கள், காரில் கொண்டுபோய் விடுங்கள்.

செம்பனை நிழல்

பள்ளியிலும் சொல்லிவிடுங்கள். என் தம்பிக்காக நாங்கள் மறைத்தோம். வகுப்பில் விழுந்தபோது ஆசிரியருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சிற்றுண்டிச்சாலை அம்மா

இன்று நிபுணரிடம் கடிதம் வாங்கி முதல்வரிடமும் வகுப்பாசிரியையிடமும் கொடுத்துவிட்டேன். ஆசிரியை கதவோரம் முதல் வரிசையில் இடம் தருகிறேன் என்றார். எந்தப் பக்கமாகத் திரும்பி விழுவாள் என்று கேட்டார். இரண்டு பக்கமும் காலியாக விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.